பின்பாரம்

எழுபதுகளின் தொடக்கத்தில், பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரில் கார் வைத்திருந்த ஒரே வீடு எங்கள் வீடு. அந்தக் காரில் தினமும் வாந்தி எடுத்த ஒரே ஆள் நான். இந்த இரண்டில் ஊருக்கு எது சுவையான செய்தி என்றால் இரண்டாவதுதான்.

ஏரியூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை. சேர்ந்து சில மாதங்கள்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. காலை பஸ் அந்த ஊரை எட்டும்போது பள்ளிக்கூடத்தில் முதல் பாடமே முடிந்திருக்கும். அதனால் என் கணவர் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவார். சந்தை, தோட்டம், கடலை வியாபாரம் என்று அந்தப் பக்கத்திலேயே தன் வேலைகளைப் பார்த்துவிட்டு மாலையில் கூட்டி வருவார். "காருல போயி காருல வர்றீங்க, உங்களுக்கு என்னாங்க கொறச்சல்" என்பார்கள். அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

யாரோ ஓர் எஞ்சினியர் ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்ட கார் அது. என் நகையும் கொஞ்சம் அதற்குள் போயிருந்தது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட எனக்கு உரிமை கிடையாது. அதன் பின்பக்கம் எப்போதும் தரையோடு தாழ்ந்திருக்கும், முன்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும். கோழி முட்டையிட உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், பள்ளம் முடிந்து வெகு தூரம் போன பிறகும் எழுந்து எழுந்து அமர்ந்துகொண்டே வரும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் முன்பக்கம் திரும்பும். அது திரும்பி முடித்த பிறகு பின்பக்கம் தனியாக ஓர் ஆட்டம் ஆடும். அந்தப் பின்பக்கத்தில்தான் நான் உட்கார வேண்டும். முன் சீட்டில் அவருடைய கணக்கு நோட்டும் வெற்றிலைப் பையும் உட்கார்ந்து வரும்.

ஏரியூர் ரோட்டில் ஓர் ஓடை இருக்கிறது. இறங்கி, வளைந்து, ஏற வேண்டும். ஏறிய இடத்தில் ஒரு புளியமரம். அங்கே கார் நிற்கும், நான் இறங்குவேன், குடித்த காப்பி வெளியே வரும். ஆடு மேய்க்கிற இரண்டு பெண்கள் எனக்காகவே அங்கே காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

"எத்தன மாசங்க டீச்சர்?"

முதல் நாள் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். பத்தாம் நாள் பதில் சொல்லவில்லை. அவர்கள் மட்டும் கேட்பதை நிறுத்தவேயில்லை.

கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. இதை நான் சொல்லத் தேவையில்லை, ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் வாரம் நான் வாந்தி எடுத்தது தெரிந்ததும் என் மாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலிலேயே நாலு பேரிடம் சொல்லிவிட்டார். புளிப்பு மாங்காய் எங்கிருந்தோ வந்தது. மாதம் முடிந்தபோது உண்மை தெரிந்தது. அந்த நாலு பேரிடம் தன் வார்த்தை பொய்யாகிப்போன கோபத்தை அவர் என்மேல்தான் காட்டினார்.

"வாந்தி மட்டும் வருது. வேற ஒண்ணும் வரக் காணம்" என்பார், நான் காதில் வாங்க வேண்டும் என்றே.

பிறகு வைத்தியம் தொடங்கியது. வைத்தியம் காருக்கு இல்லை, எனக்கு. ஓமத்தண்ணீர், வேப்பங்கொழுந்து, மடியில் எலுமிச்சம்பழம். மாதா கோவில் விளக்கில் எரிந்த எண்ணெயை வயிற்றில் தடவினார்கள். அது போதாதென்று, பங்குச் சாமியாருக்குத் தெரியாமல், பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவரிடம் ஒரு கறுப்புக் கயிறும் வாங்கிக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கயிற்றைச் சேலைக்குள் மறைத்துக்கொள்ளச் சொல்வார் மாமியார்.

எனக்குப் புத்தி மழுங்கிவிடவில்லை. ஒரு நாள் என் கணவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏங்க, தர்மபுரிக்குப் பஸ்ல போறேன், வாந்தி வரல. எங்க அப்பா வூட்டு வில்லு வண்டியில போறேன், வரல. இந்தக் காருல மட்டும் ஏன் வருது?"

"பஸ்ஸு வேற, சொந்தக் காரு வேற."

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர். நான் விடவில்லை.

"வண்டி ஆடுதுங்க. பின்னால எறங்கிக் கெடக்குது. யாராவது மெக்கானிக்குகிட்ட காட்டுங்க."

"கம்முனு இரு. ஓட்டறவன் நானு, எனக்கு ஆடறது தெரியாதா? உன் வவுத்துல கோளாற வெச்சிகிட்டு வண்டியச் சொல்லாத."

உள்ளே இருந்து மாமியார், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். என்னைக் குத்துவதற்கு அவரிடம் எப்போதும் ஒரு பழமொழி தயாராக இருக்கும்.

ஆனாலும் நான் சொன்னது என் கணவரை உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காரை ஊர்க் கொல்லரிடம் ஓட்டிப் போனார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவர் அவர். கார் ஸ்பிரிங்கை அதற்கு முன் தொட்டதில்லை. பின்சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்குமே, அந்த அடுக்குக்குள் லாரியில் கழித்த தடித்த பட்டை ஒன்றைச் செருகிக் கொடுத்துவிட்டார். கார் நிமிர்ந்து நின்றது. அன்று மாலை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பழையபடி பின்பக்கம் உட்கார்ந்திருந்தது.

"பட்டை எறங்கிடுச்சு" என்றார்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த காருக்குப் பட்டை எப்படி இறங்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதே காலையில் எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல்லைக் காணோம். யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று மாமியார் அதற்கும் என்னைத்தான் திட்டினார். அவர் திட்டில் மூழ்கி, காரை நான் மறந்துவிட்டேன்.

லாரிப் பட்டை போட்ட பிறகு முன்பு ஆடிய கார் ஆடிக்கொண்டே உதைக்கவும் செய்தது. புளியமரத்துக்கு முன்பே ஒரு தடவை, பின்பு ஒரு தடவை என்று ஆயிற்று. முகம் கழுவி, சேலையைத் துடைத்து, பள்ளிக்குள் நுழையும்போது பிரார்த்தனை முடிந்திருக்கும். தலைமையாசிரியர் ஒரு நாள் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மை.

"டீச்சர், நிரந்தரம் பண்ற பேப்பர்ல நான்தான் எழுதணும். இத வெச்சிகிட்டு என்னாத்த எழுதுறது? அரைப்பரீட்சை வரைக்கும் பாக்குறேன்."

இதை வீட்டில் சொன்னது என் முட்டாள்தனம். அவர்களுக்கு அது வாய்ப்பாகப் போய்விட்டது. உடம்பு சரியில்லாதவளுக்கு வேலை எதற்கு, வீட்டில் கிடந்தால் குழந்தையாவது தங்கும் என்று தாயும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் நான் வேலையை விட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு அந்த வேலை சம்பளம் மட்டுமில்லை. ஓட்டுக் கொட்டகையில் அறுபது பிள்ளைகளும் ஒரு கரும்பலகையும்தான். ஆனால் ஒரு நாளில் என் வயிற்றைப் பற்றி யாரும் கேட்காத ஒரே இடம் அது. அங்கே நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற டீச்சர், அவ்வளவுதான். அதை விடச் சொன்னபோது, அந்தக் காரை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தலாமா என்று உண்மையாகவே நினைத்தேன்.

ராஜினாமாவைக் கையால் எழுதினால் மதிப்பாக இருக்காதாம். தர்மபுரியில் டைப் அடிக்க வேண்டும் என்றார் என் கணவர். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். என் வேலையைத் தொலைக்க, என்னை வாந்தி எடுக்கவைக்கிற அதே காரில் நானே போனேன். தர்மபுரிக்குள் நுழைவதற்கு முன், பெங்களூர் போகிற லாரிகள் வரிசையாக நிற்கும் பட்டறைகள் உண்டு. அங்கே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு பட்டறை வாசலிலேயே எடுத்துவிட்டேன்.

பட்டறைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். எல்லைப் பக்கத்துக் கன்னடக்காரர், லாரிகளுக்குப் பட்டை கட்டுகிறவர். "ஏனாயித்தம்மா?" என்று, என்ன ஆச்சு எனத் தன் பாஷையில் கேட்டுக்கொண்டே சொம்பைக் கொடுத்தார். அவர் கண் மட்டும் காரின் பின்பக்கத்தில் இருந்தது.

"வவுத்துக் கோளாறு. இவளுக்கு எப்பவும் இதே வேலதான்" என்றார் என் கணவர்.

பட்டறைக்காரர் காருக்குப் பின்னால் போய் இரண்டு கையாலும் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். கார் எழுந்தது, அமர்ந்தது, எழுந்தது, அமர்ந்தது. ஒரு பீடியை எடுத்துப் பற்ற வைத்தார். அப்போதும் அது நிற்கவில்லை.

"சார், அமுக்கி விட்டா ஒரு தரம் எந்திரிச்சு நின்னுடோணும். ஷாக் அப்சார்பருல எண்ணெயே இல்ல. இந்த வண்டியில பின்னால உக்காந்தா நானும் கக்குவேன். அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல."

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து வருடத்தில் என் உடம்பில் கோளாறு இல்லை என்று ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் முன்பின் தெரியாத ஆள்.

"டிக்கியத் தொறங்க" என்றார் அவர்.

"டிக்கியில ஒண்ணுமில்லப்பா. சாக்குதான்."

"தொறங்க சார், பாத்துட்டு மூடிக்கலாம்."

அதற்குள் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இனிமேல் திறக்காமல் இருந்தால் மானம் போய்விடும். திறந்தார். மேலே சாக்கு. சாக்குக்கு அடியில் ஒரு மணல் மூட்டை. மணல் மூட்டைக்கு அடியில் உடைந்த ஆட்டுக்கல் ஒன்று. அதற்குப் பக்கத்தில், சோப்பு நுரை காய்ந்த வெள்ளைத் தடத்தோடு, எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்.

"இது காரா, கல்லு வண்டியா?" என்றார் ஒரு டிரைவர்.

என் கணவர் அப்போதும் தலை நிமிர்ந்துதான் சொன்னார். "வண்டின்னா பின்பாரம் இருக்கோணும். முன்பாரமாப் போனா மாட்டுக்குக் கழுத்து எறங்கிடும். இதுகூடத் தெரியாதா?"

"மாடு எங்க சார்?"

"எஞ்சின்தான்."

மாட்டு வண்டிக்கு அவர் சொன்னது சத்தியம். சுமை முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அதனால் வண்டிக்காரர்கள் மூட்டையைப் பின்னால் தள்ளி வைத்து முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். என் கணவர் வாலிபத்தில் தன் அப்பாவோடு வருடக்கணக்காகச் சந்தைக்குப் புளி ஏற்றிப்போன வண்டிக்காரர். காரில் முன்னால் எஞ்சின் கனக்கிறதே என்று, வாங்கிய நாளே ஆட்டுக்கல்லைப் பின்னால் ஏற்றியிருக்கிறார். கொல்லர் பட்டை போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கியதும், ஐயோ முன்பாரமாகிவிட்டதே என்று துவைக்கிற கல்லையும் தூக்கிப் போட்டிருக்கிறார். எஞ்சினுக்குக் கழுத்து வலிக்கக் கூடாது என்று பார்த்த மனிதருக்கு, பின் சீட்டில் ஒருத்தி குடல் புரளப் புரள வருவது கண்ணில் படவில்லை.

டிரைவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அழுத கண்ணோடு, வாயில் வாந்தி நாற்றத்தோடு, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் என்னை மன்னிக்காதது அந்தச் சிரிப்புக்காகத்தான். எனக்கு அதைப் பற்றி வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

அவர் சாவியைத் தரையில் விட்டெறிந்துவிட்டு டவுன் பக்கம் நடந்துவிட்டார். நான் சாவியை எடுத்துப் பட்டறைக்காரர் கையில் கொடுத்தேன்.

"என்னென்ன செய்யணுமோ செஞ்சிடுங்க. என் சம்பளத்துல குடுக்கறேன்."

பழைய லாரி டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பின்சக்கரங்களைக் கழற்றினார்கள். கொல்லர் செருகிய லாரிப் பட்டையை உருவித் தூர வீசினார்கள். மற்ற பட்டைகளில் ஒன்று நடுவில் வெடித்திருந்தது. மீதியை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு கொண்டுவந்து, இடையிடையே கிரீஸ் தடவி அடுக்கினார்கள். தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். அந்த ஷாக் அப்சார்பரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை. வேறு ஒரு ஜோடி பொருத்தினார்கள். கடைசியில் பட்டறைக்காரர் புதுப் பட்டை ஒன்றை எடுத்து அடுக்கில் கூடுதலாகச் சேர்ப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன்.

"சார் அந்தக் கல்லத் திரும்ப வெப்பாரும்மா. அதுக்கும் சேத்துக் கட்டறேன்."

"இவ்வளவு பேரு சிரிச்ச பின்னாடியா? வெக்க மாட்டாருங்க."

"சிரிச்சதுனாலதான் வெப்பாரு" என்றார்.

வேலை முடிந்ததும் என்னையே கூப்பிட்டு டிக்கியை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். கார் ஒரு தரம் எழுந்து நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் ஒரே தரம்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு என் கணவர் வந்தார். சட்டைப் பையில் ராஜினாமாவை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். என் பெயரைக்கூட அடித்திருந்தார்கள், கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம். "போடு" என்று நீட்டினார். "வூட்டுல போய் போடறேன்" என்றேன். கற்களை அங்கேயே விட்டுவிடச் சொன்னேன். "எங்க ஆத்தா துவைக்கிற கல்லு அது" என்று இரண்டையும் தானே தூக்கி ஏற்றினார். வீட்டில் கற்களை இறக்கியபோதுகூட மாமியார், நான்தான் கல்லைத் தூக்கிக் கொடுத்தேன் என்று திட்டியதைத் திரும்பப் பெறவில்லை. ராஜினாமா திருஇருதயப் படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்தி ஸ்டாண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

திங்கட்கிழமை ஓடையில் இறங்கி வளைந்தோம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் திரும்பின. வெளியே புளியமரம் போனது. ஆடு மேய்க்கிற பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், கார் நிற்கவில்லை. என் வயிற்றுக்குள் காப்பி வைத்த இடத்திலேயே இருந்தது. பள்ளியில் மணி அடிக்கும்போது நான் மைதானத்தில் நின்றேன். முதல் மணி அடிப்பதை அந்த ஆண்டில் அன்றைக்குத்தான் கேட்டேன் என்று தோன்றியது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பதிவேட்டில் சிவப்பு மை நின்றுவிட்டது. ஒரு மாலை மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வாந்தி நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சுங்க அத்தை."

"அதுவும் போச்சா" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பொய் என்று தெரிந்தும் அந்த வாந்தியை அவர் ஒரு நம்பிக்கையாக வைத்திருந்திருக்கிறார். ஒரு நிமிடம் எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

கிறிஸ்துமஸ் லீவு விடுகிற அன்று காலை நான் காரில் ஏறும்போது இருவரும் வாசலில் நின்றார்கள். மாமியார் கையில் அந்த ராஜினாமா.

"இன்னிக்கிக் குடுத்துட்டு வந்துடு. வாந்தி நின்னாலும் புள்ள இல்லாதது இல்லாததுதான? லீவுல தர்மபுரி டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போயிக் காட்டச் சொல்லியிருக்கேன். உன் ஒடம்புலதான் என்னாவோ இருக்குது."

நான் தாளை வாங்கிக்கொண்டேன். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலிலேயே சொன்னேன்.

"போலாங்க அத்தை. போன தடவையும் என் ஒடம்புலதான் கோளாறுன்னீங்க. டிக்கியத் தொறந்து பாத்தாத்தான் கல்லு தெரிஞ்சிது. அதனால இந்தத் தடவ ரெண்டு பேரும் காட்டிக்கிறோம். மொதல்ல அவரு, பின்னாடி நானு."

மாமியார் மகன் முகத்தைப் பார்த்தார். அவர் என்னையும் பார்க்கவில்லை, தாயையும் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லை மூச்சு வாங்கத் தூக்கி வந்து டிக்கியில் தொம்மென்று போட்டார். திரும்பிப் போய் ஆட்டுக்கல்லையும் கொண்டுவந்து போட்டார். பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

ஓடை வந்தது. அன்றைக்கு வேகமாகவே இறக்கினார், வேண்டுமென்றேதான். நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். கார் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது, ஒரு தரம் எழுந்தது, நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

அன்று அந்த ராஜினாமாத் தாளின் பின்பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு அரைப்பரீட்சை மார்க்குகளை எழுதினேன். கோடைக்கு முன் வேலை நிரந்தரமாயிற்று. ஓய்வு பெறும்வரை அந்த வேலையில் இருந்தேன். காரை விற்கிற நாள்வரை அந்தக் கல் டிக்கியில் இருந்தது, நாங்கள் கொல்லையில் வேறு கல் வாங்கிப் போட்டுத் துவைத்தோம். டாக்டரிடம் நான் மட்டும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். எனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே வைத்தேன். வருடக்கணக்காக அது அங்கேயே இருந்தது. தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு ஜெபித்த என் கணவர், ஒரு நாளும் அதைப் பிரித்துப் படிக்கவில்லை.